யாருடைய நீர்?



என் நிலத்தில், என் பணத்தில் வெட்டிய கிணறு. நான் எவ்வளவு இறைத்தால் பிறனுக்கென்ன? நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் பூமிக்கடியில் நீருக்கு வரப்பு இல்லையே! நான் ஆழ்துளைக் கிணறு இறக்க, அடுத்த வயலான் கிணறு வற்றுகிறது. இது களவா? அறியாமல் செய்தவனைக் கள்வன் என்பது கடினம். அறிய மறுப்பவனை?

அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் அனந்தபுரம், கர்நூல், நலகொண்டா முதலிய 7 மாவட்டங்களில் 2003-ம் ஆண்டில் தொடங்கிச் சில வருஷங்கள் குடியானவர்களே, ஆண்களும் பெண்களுமாக, கூலியின்றி ஒரு காரியம் செய்தார்கள். தினமும் மழையை அளந்தார்கள்; 15 நாளுக்கொருமுறை கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, ஊரார் காணப் பலகையில் எழுதினார்கள். மழைக்காலம் முடிந்ததும் கூடி, இருக்கும் நீர் எவ்வளவு, நடப்போகும் பயிர் குடிப்பது எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். கட்டளையில்லை, அபராதமில்லை. இஷ்டப்பட்டவன் நெல்லே நடலாம். ஆயினும் பலர் நெல்லைக் குறைத்தார்கள்.

அளந்து துக்கப்படுவதைவிட அளக்காதிருப்பதே நிம்மதி என்பாரும் உண்டு. கடன்பட்டுக் கிணறு வெட்டியவன் அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வராது. ஆனால் அவனைப்போல் நாலுபேர் ஒளித்தால், ஊர்ப் பலகையில் உள்ள கணக்கு பொய்யாகிவிடும். அதை நம்பி விதைப்பவன் அவனுடைய அயலான்தான்.