பொறுத்துக்கொள்ள வேண்டியவர் யார்?

மூளையில் கட்டி உள்ளவருக்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மாத்திரை ஆகியவற்றோடு மருந்தில்லாத ஒரு சிகிச்சையும் தேவைப்படுகிறது. வலுவிழந்த கைகால்களை அசைக்கப் பழக்க வேண்டும். சொல் வராமல் தடுமாறுகிறவரிடம் ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுகிறவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும். வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பார்க்க வேண்டும். பிசியோதெரபிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரும் இவற்றைக் கற்றுத்தரலாம். இரவும் பகலும் செய்கிறவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்தான்.

எங்கள் பருத்திப்பட்டில் அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய கணவருக்கு மூளையின் முன்பகுதியில் கட்டி. அதிர்ந்து பேசாத அந்த மனிதர் இப்போது கெட்ட வார்த்தை சொல்கிறார், சாப்பாட்டுத் தட்டை வீசுகிறார். பார்க்க வரும் உறவினர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: “அவரா பேசுறாரு? கட்டிதாம்மா பேசுது. நீதான் பொறுத்துப் போகணும்.”

கட்டி பேசுகிறது என்பது மருத்துவ உண்மைக்கு நெருக்கமானது. உந்துதலை அடக்குவதிலும் நடத்தையைச் சீர்படுத்துவதிலும் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அது பாதிக்கப்பட்டால் குணமே மாறலாம். அதற்காக அவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் ‘நீதான் பொறுத்துப் போகணும்’ என்பது மருத்துவம் இல்லை, கட்டளை. குற்றவாளி இல்லாத இடத்திலும் காயம் உண்டு. அவர் ஏன் தட்டை வீசுகிறார் என்பதற்குக் கட்டி காரணமாக இருக்கலாம். தட்டு விழும் இடத்தில் அந்தப் பெண் மட்டும் ஏன் நிற்கிறார் என்பதற்குக் காரணம் நாம்.

இதே கட்டி மனைவிக்கு வந்திருந்தால்? “ஆம்பள, பாவம், எத்தன நாளைக்குத் தாங்குவாரு” என்பார்கள். மனைவியின் அம்மாவுக்கோ அக்காவுக்கோ போன் போகும். அப்படியானால் நாம் பொறுமையை எதிர்பார்ப்பது அன்பின் பெயரால் என்று சொல்ல முடியாது. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடங்களும் ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். அப்படி ஈடுபடும் ஆண்களின் எண்ணிக்கையும் பெண்களில் பாதிதான்.

“அப்போ அந்த மனுஷனை விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?” என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அவருடைய தேவை உண்மையானது, தள்ளிப்போட முடியாதது. அமெரிக்க மெய்யியலாளர் ஈவா ஃபெடர் கிட்டே, கடும் குறைபாட்டோடு பிறந்த மகளை வளர்த்தவர். 1999-இல் வெளிவந்த ‘லவ்ஸ் லேபர்’ என்ற நூலில் அவர் வைக்கும் வாதம் எனக்கு உதவுகிறது: பிறரைச் சார்ந்திருக்கும் ஒருவரைப் பராமரிக்கும்போது, பராமரிப்பவரும் மற்றவர்களைச் சார்ந்தவராகிவிடுகிறார், அவரைத் தாங்குவது சமூகத்தின் கடன். நோயாளிக்கும் இதுவே நல்லது. தூக்கமில்லாத கை ஊட்டும்போது அவசரப்படும், அவசரத்தில் புரையேறும்.

அந்தக் கடனை அடைக்க வழிகள் இருக்கின்றன. இங்கிருந்து சென்னை அரசு பொது மருத்துவமனைக்குப் போக ஆவடி வரை பஸ், பிறகு சென்ட்ரல் வரை ரயில். நடக்கத் தடுமாறுகிறவரை அழைத்துப்போய்த் திரும்பினால் ஒரு நாள் முடிந்துவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியையும் வலிதணிப்புப் பராமரிப்பையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. கேரளத்தில் பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போகிறார்கள். அந்த மாநிலம் 2008-லேயே இதற்கெனக் கொள்கை வகுத்தது. நம் மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1000 ரூபாய், பெண்ணின் உழைப்பை உழைப்பென்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தப் பெண் என்னிடம் கேட்டது பணம் இல்லை. “ரெண்டு மணி நேரம் அவர்கூட யாராவது உக்காந்தா, ஏரிப் பக்கம் தனியா நடந்துட்டு வருவேன்க்கா.”

அவருடைய கொழுந்தன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறார், புத்தி சொல்கிறார், போகிறார். அவரும் அண்ணனைப் புரட்டிப் படுக்கவைக்கக் கற்கலாம், ஊட்டக் கற்கலாம், அந்தக் கெட்ட வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டே வேட்டியை மாற்றக் கற்கலாம். பொறுத்துக்கொள் என்று சொல்ல விரும்புகிறவர், முதலில் ஓர் இரவு அந்தக் கட்டிலின் பக்கத்தில் படுத்துவிட்டுச் சொல்லட்டும்.