கல்யாணச் சாவும் தீர்ந்த கடனும்

நிறைவாழ்வு வாழ்ந்த மூதாட்டியின் மறைவைத் தமிழர் ‘கல்யாணச் சாவு’ என்று கொண்டாடுவதன் அடியில், முன்னோர்க்கு மக்கட்பேற்றாலும் முனிவர்க்குக் கல்வியாலும் தீர்க்க வேண்டியவை என வேதமரபு கூறும் ருணங்கள், அதாவது பிறவிக் கடன்கள், தீர்ந்துவிட்டன என்ற நிறைவு இருக்கிறது. கலைக்குடும்பத்தில் இவ்விரு கடன்களும் ஒன்றாகிவிடுகின்றன. 2009இல் தம் 90ஆம் வயதில் மறைந்த கர்நாடக இசைப் பாடகி டி. கே. பட்டம்மாள் தம் பேத்தி நித்யஸ்ரீக்குப் பாட்டைக் கொடுத்தபோது வாரிசும் சீடரும் ஒருவரே ஆயினர். அத்தகைய பெருமாட்டிக்கு, எள்ளும் நீரும் இறைப்பதினும் அவர் திருத்திக் கொடுத்த சங்கதியை, அதாவது ஒரே வரியின் இசை வேறுபாட்டை, பிழையறப் பாடுவதே மேலான தர்ப்பணம். நாடகக் கலையிலும் இவ்வாறே: கடப்பைப் பகுதியில் 1885இல் தோன்றி, இன்று ஐதராபாத்தில் வாழும் சுரபி நாடகக் குடும்பங்களில், மூத்தோர் அரிதாரம் பூசும் இடத்தருகே வளரும் குழந்தைகள் பேச்சுத் தெளியும் பருவத்திலேயே மேடையேறுகின்றனர்.