புள்ளியும் பங்கீடும்

பல்கலைக்கழக அனுமதியில் நீதி எது என்னும் வினா நம் நாட்டில் ஏட்டளவில் நின்ற வினாவன்று. எழுபதுகளில் அதற்கு அளிக்கப்பட்ட விடைகள் ஒரு தலைமுறையின் வாழ்வையே திசைதிருப்பின. ஆயினும் அவ்வரலாற்றைப் பேசுவோர் 'தரப்படுத்தல்' என்ற ஒரு சொல்லுக்குள் இருவேறு செயல்களை அடக்கிவிடுகின்றனர். பரீட்சைப் புள்ளியைத் திருத்துவது ஒன்று. இருக்கும் இடங்களைப் பங்கிடுவது மற்றொன்று. அறநோக்கில் இவ்விரண்டும் ஒருதன்மையன அல்ல என்பதே எமது கருத்து.

1970ஆம் ஆண்டுப் பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டு நிகழ்ந்த அனுமதியில், மருத்துவபீடம் புகச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளி போதுமாயிருந்தது. தமிழ் மொழிமூல மாணவர் 250 பெறவேண்டியிருந்தது. பொறியியலில் இவ்வெல்லைகள் முறையே 227உம் 250உம் ஆகும். அப்பட்டமான இவ்வேறுபாடு 1973இற் புள்ளிவிபரவியலின் ஆடையை அணிந்துகொண்டது. ஒவ்வொரு மொழியிலும் பரீட்சைக்குத் தோற்றியோரின் விகிதத்திற்கேற்பவே அம்மொழியில் அனுமதி பெறுவோரின் விகிதமும் அமையுமாறு புள்ளிகள் பொது அளவொன்றுக்கு மாற்றப்பட்டன.

இதன் அடியில் ஓர் எடுகோள் உண்டு. இரு மொழி மாணவரும் சராசரியில் ஒரே தரத்தினர். ஆதலால் புள்ளியிற் காணப்படும் வேற்றுமை பரீட்சகரின் தாராளத்தால் விளைந்தது என்பதே அது. அவ்வாறு தாராளம் காட்டப்பட்டதென ஐயம் எழுந்திருப்பின், விடைத்தாள்களை மீளத் திருத்துவித்து உண்மை காண்பதே முறை. அதனை விடுத்து, ஒரு மொழியில் எழுதினார் என்ற காரணத்துக்காக ஒவ்வொருவர் புள்ளியையும் மாற்றுவது, துலாக்கோலை வைத்திருப்பவனே பொருளுக்குரியவனின் முகம் பார்த்து நிறை கூறுவதை ஒக்கும்.

புள்ளிகளை நியமப்படுத்துவது தன்னளவிற் குற்றமன்று என்பதையும் கூறவேண்டும். பௌதிகவியலிற் பெற்ற 60உம் உயிரியலிற் பெற்ற 60உம் சமமெனக் கொள்வதற்கு நியாயமில்லை. 2001 முதல் வழக்கிலுள்ள இசட் புள்ளி முறை, ஒருவர் தம் பாடத்திற்குத் தோற்றியோரின் சராசரியிலிருந்து எத்துணை விலகி நிற்கிறார் என்பதை நியம விலகலால் வகுத்து அளக்கின்றது. அங்கும் யாரை யாரோடு ஒரு குழுவாக்குவது என்ற தீர்மானமே நீதியை நிர்ணயிக்கின்றது. 2011இற் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாக்கிக் கணித்தமையை 2012இல் உயர் நீதிமன்றம் நிராகரித்தது இதற்குச் சான்று.

இனி, 1974இற் புகுந்த மாவட்ட ஒதுக்கீட்டை நோக்குவோம். பொறியியலிற் தமிழ் மாணவரின் பங்கு 1970இல் 40 வீதமளவில் இருந்து 1974இல் 16 வீதமளவிற்கு வீழ்ந்ததற்கு இதுவும் காரணம். யாழ்ப்பாணத்தார் மொழிவாரித் தரப்படுத்தலையும் இதனையும் ஒரே அநீதியாகக் கருதியமை இயல்பே. ஆனால் ஒதுக்கீட்டினாற் கொழும்புச் சிங்கள மாணவரும் இடமிழந்தனர். மன்னாரிலும் மட்டக்களப்பிலும் தமிழ் மொழியிற் பயின்றோர்க்குப் புதிதாக வழி திறந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, இம்முறை தன்னளவில் எவருடைய புள்ளியையும் பொய்யாக்கவில்லை. 'நீ பெற்றது மெய். ஆயினும் இவ்விடத்தை இக்காரணத்திற்காக வேறொருவருக்கு அளிக்கிறோம்' என்று அது வெளிப்படையாகக் கூறுகின்றது. அக்காரணத்தோடு மாணவன் வாதிடலாம். புள்ளியே மாற்றப்பட்டவனுக்கோ வாதிடுவதற்கு நிலைக்களனே இல்லை.

அக்காரணத்தில் நியாயம் உண்டா? ஒருவர் பெற்ற புள்ளி முற்றும் அவரது தனியுடைமை என்பதை எம்மால் ஏற்க இயலவில்லை. 1823இல் எழுந்த வட்டுக்கோட்டைச் செமினரியும், 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலர் நிறுவிய சைவப் பாடசாலையும், அவற்றின் வழிவந்த ஆசிரியப் பரம்பரையும் யாழ்ப்பாண மாணவனின் விடைத்தாளில் உடன் எழுதுகின்றன. எழுபதுகள் வரை தோட்ட நிருவாகத்தின் கீழிருந்த பாடசாலையிற் கற்ற மலையகப் பிள்ளைக்கு அத்தகைய முதுசொம் ஏது? முயற்சி இருவர்க்கும் உண்டு. ஏணியின் முதற்படி மட்டும் ஒரே உயரத்தில் இல்லை. தகுதி குறைந்தோர் வைத்தியராவர் என அஞ்சுவோர், அனுமதிப் பரீட்சை வேறு, பட்டத்தின் இறுதிப் பரீட்சை வேறு என்பதை மறக்கின்றனர். பின்னையதில் எம்மாவட்டத்தார்க்கும் சலுகையில்லை.

எனினும் மாவட்டம் என்னும் அலகு மிகப் பருமட்டானது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கின்றது. நுவரெலியா அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. அங்கு நகரப் பாடசாலையில் ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் பெற்றவனுக்கும், விஞ்ஞான ஆசிரியரின்றித் தோட்டப்புறத்திற் பயின்றவளுக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. அவளுக்காக என்று ஒதுக்கப்பட்ட இடத்தை அவன் பெறுகின்றான். அது முறைகேடும் அன்று, விதி அவ்வாறே அமைந்துள்ளது. பாடசாலையையேனும் அலகாகக் கொள்ளாதவரை, இவ்வொதுக்கீடு தான் கூறும் காரணத்திற்குத் தானே முரணாக நிற்கும்.