விற்க உரிமையில்லாத பொருள்

சட்டத்தரணியின் சுதந்திரம் யாருடைய உடைமை? அவருடையதா, அவரை நாடிவரும் கட்சிக்காரருடையதா? 2025ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்தவை இவ்வினாவை நம்முன் கூர்மையாக நிறுத்தியுள்ளன.

அவ்வாண்டு மார்ச் முதலாக ஜனாதிபதி டிரம்ப், தம் அரசியல் எதிரிகளுக்காக வாதாடிய, அல்லது தம்மை விசாரித்தோரைப் பணிக்கமர்த்திய பெருஞ் சட்ட நிறுவனங்கள்மீது ஆணைகளைப் பிறப்பித்தார். அரசாங்கக் கட்டடங்களுள் நுழையக் கட்டுப்பாடு. இரகசிய ஆவணங்களைப் பார்வையிடும் அனுமதி இடைநிறுத்தம். கட்சிக்காரரின் அரசாங்க ஒப்பந்தங்களுக்கும் ஆபத்து. மார்ச் 14இல் இலக்கான நியூயோர்க்கின் போல் வைஸ் ஒரு வாரத்துள் பணிந்தது. 4 கோடி டொலர் பெறுமதியான இலவசச் சட்ட சேவைக்கு அது உடன்பட, ஆணை நீக்கப்பட்டது. ஆணை வருமுன்னரே உடன்பட்ட நிறுவனங்களும் உண்டு. ஒன்பது நிறுவனங்கள் ஒப்புக்கொடுத்த உழைப்பின் பெறுமதி ஏறத்தாழ 94 கோடி டொலர்.

பாடசாலைகளில் நிறப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்காக உழைத்தவர்களுள் ஒருவர் வில்லியம் கோல்மன். பெரிய நிறுவனங்களின் கதவுகள் கறுப்பினத்தவருக்கு அடைபட்டிருந்த 1949இல் அவரைச் சேர்த்துக்கொண்டது இதே போல் வைஸ் என்பதும் நினைவுகூரத்தக்கது.

பணிந்தோர் தரப்பிலும் ஒரு நியாயம் கூறப்பட்டது. கட்சிக்காரர் விலகுவர், போட்டி நிறுவனங்கள் பங்காளிகளைக் கவர்ந்துகொள்ளும், ஊழியரின் பிழைப்புக் கெடும். இவ்வச்சம் பொய்யன்று. ஆனால், பேர்கின்ஸ் கூய், ஜென்னர் அன்ட் பிளொக், வில்மர்ஹேல், சஸ்மன் கோட்ஃப்ரி ஆகிய நான்கும் இதே அபாயத்தின்முன் நின்று வழக்குத் தொடுத்தன. மே, ஜூன் மாதங்களில் வாஷிங்டன் சமஷ்டி நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தனித்தனியே அவ்வாணைகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்த்தனர். அரசு மேன்முறையீடு செய்தது.

வென்றமையால் அவர்கள் செய்தது சரி என்று நாம் வாதிடவில்லை. வழக்குத் தொடுத்த வேளையில் வெற்றி எவருக்கும் நிச்சயமாயிருக்கவில்லை. தோற்றிருப்பினும் அது சரியே. ஏனெனில், தன் ஆதாயத்தை விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமையுண்டு. பிறர் நம்பி ஒப்படைத்ததை விட்டுக்கொடுக்க உரிமையில்லை. அதிகாரத்துக்கு அஞ்சாது வாதாடும் ஆற்றல், நாளை அதே அதிகாரத்தால் தாக்கப்படவிருக்கும் அகதிக்கும் தொழிலாளிக்கும் உரியது. அதனையே இவர்கள் பேரத்தில் வைத்தனர். மேலும், இலவச சேவை ஏழைக்கென ஏற்பட்ட கடமை. அதுவே ஆள்வோருக்குச் செலுத்தும் திறையாக மாறியமை இப்பேரத்தின் இழிவை முழுமையாக வெளிப்படுத்துகின்றது.

இந்நிறுவனங்கள் பெரும்பாலும் மூலதனத்தின் சேவகர்கள்தாமே, அவற்றின் சுதந்திரம் நமக்கெதற்கு என்று நண்பர் சிலர் வினவலாம். கோடிகளைக் குவித்தோரே முதலில் பணிந்தனர் என்பதில் நமக்கு வியப்பில்லை. தொழில் தர்மம் இலாபக் கணக்கின் ஓர் உருப்படியாகிவிட்ட இடத்தில், இலாபம் அச்சுறுத்தப்படும்போது தர்மமும் தள்ளுபடியாகும். ஆயினும், பணம் படைத்தவனின் சட்டத்தரணியையே மிரட்டிப் பணியவைக்கும் அரசு, வேலைநிறுத்தக்காரனுக்காக வாதாடுபவரை விட்டுவைக்குமா? பணபலமுள்ளவன் பேரம் பேசித் தப்பிவிடுவான். சட்டத்தரணியின் அஞ்சாமையைத் தவிர வேறு துணையற்றவனே அது விலைபோகும்போது அனைத்தையும் இழக்கின்றான். அதனைக் காப்பது நம்முடைய போராட்டத்தின் பகுதியே.