பெயர்ந்தோர் கடன்

ஒரு நிலத்தில் உழைத்தவனுக்கு அந்நிலத்தின்மேல் உரிமை உண்டா? உண்டெனில், அவனுக்குப்பின் அங்கு உழைக்க வருபவனுக்கும் அவ்வுரிமை உண்டா? முதல் வினாவிற்கு மலேசியத் தமிழர் தயங்காமல் விடை கூறுவர். இரண்டாவது வினா அத்துணை எளிதன்று. கோலா சிலாங்கூர் வட்டாரத்தின் வரலாறு இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்புகின்றது.

கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வட்டாரம் எழில்மிக்கது. மெலாவத்திக் குன்றின் கலங்கரை விளக்கம், கம்போங் குவாந்தான் ஆற்றங்கரை மரங்களில் ஒளிரும் மின்மினிகள், சுங்கை செம்பிலாங், ஜெராம் முதலிய கடலோர ஊர்கள் ஆகியவற்றை நாடி நகரமக்கள் வருகின்றனர். வழிநெடுகக் காணும் பசுமை அவர்தம் கண்ணுக்கு இயற்கையாகவே தோன்றும். ஆயின் அதிற் பெரும்பகுதி மனிதர் காடழித்து நட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே 1917இல் உருவாக்கியதும் இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அத்தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கின்றது. சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களில் வைகறையிற் பால்வெட்டச் சென்றவர்களும் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தமிழரே.

இன்று அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் தோட்டங்களில் இல்லை. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அக்கேட்டினின்று தொழிலாளரைக் காக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் இரப்பர் நின்ற இடத்தில், குறைந்த ஆட்களே போதுமான செம்பனை நின்றது. சில நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. 2011இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை தலைநகரை மேலும் அருகிற் கொணர்ந்தது. நாட்டின் இந்தியருள் 1970இல் மூவரில் ஒருவரே நகர்வாசி. 2000இல் ஏறத்தாழ ஐவரில் நால்வர்.

இங்ஙனம் வெளியேறியது குற்றமா? முன்னோர் திருத்திய மண்ணைக் கைவிட்டனரே என வருந்துவோர் உளர். அவ்வருத்தம் இயல்பானது; ஆயினும் பழியாக மாறுதல் தகாது. தோட்டத்தில் வீடு வேலையோடு பிணைந்திருந்தது. வேலை போயின் வீடும் போயிற்று. ஒரு சாண் நிலமும் உழைத்தவன் பெயரில் இல்லை. பிள்ளைகள் கற்று உயரவேண்டுமென்று பெயர்ந்த பெற்றோரைக் குறைகூறுதல் அறமாகாது.

எனினும் பெயர்ந்தோர்க்கு ஒரு கடன் எஞ்சியுள்ளது. இந்நாட்டை உருவாக்கியதில் தம் முன்னோர் சிந்திய வியர்வைக்குப் பங்குண்டு எனத் தமிழர் மேடைதோறும் முழங்குகின்றனர். அது நேரிய கூற்றே. ஆயின் அறம் ஓரினத்தாருக்கு மட்டும் அளந்து கொடுக்கும் நாழியன்று. இன்று தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுவோரிற் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் ஆவர். தமிழர் விட்டுச்சென்ற லயங்களிலும் அத்தகையோர் குடியிருக்கின்றனர். அவர்களைப் பெயர்சொல்லி அழையாது, நாட்டின் பெயரையே வசைபோல் வீசும் நாக்குகள் தமிழரிடையிலும் உள. ‘கூலி’ என்னும் சொல் தம் பாட்டனாரை எவ்வாறு சுட்டது என்பதை அந்நாக்குகள் மறந்துவிட்டன.

மறுப்புரைப்போர் இரண்டு காரணங்களைக் காட்டுவர். அவர்கள் சில்லாண்டு தங்கிச் செல்வோர் என்பது ஒன்று. கப்பலேறிய தமிழருள்ளும் பலர் பொருளீட்டித் திரும்பும் எண்ணத்துடனேயே வந்தனர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தமிழர் வேலை பெர்மிட்டின்றித் தவித்ததையும், பலர் தமிழகம் திரும்பியதையும் முதியோர் மறந்திரார். அயலவரால் சம்பளம் தாழ்கிறது என்பது மற்றொன்று. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் தாழ்த்துபவன் கொடுப்பவனே, பெறுபவன் அல்லன். 2013இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் அயல்நாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கும் உரியது. அது அவன் கைக்கு முழுமையாகச் சேர்வதே உள்நாட்டுத் தொழிலாளிக்கும் காப்பாகும்.

ஆசிரியர் சிறப்பாக எண்ணவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் அது கொட்டகைப் பள்ளியாகவே இருந்தது. ஆயினும் தமிழ்க்கல்வி அங்கே வேர்கொண்டது. இன்றைய அயல்நாட்டுத் தொழிலாளியோ மனைவி மக்களை உடன் அழைத்துவர விதி இடந்தருவதில்லை. தந்தையின் உழைப்பை ஏற்கும் தோட்டத்தில் அவன் பிள்ளைக்கு இடமில்லை. இவ்வகையில் அவன் தனிமை பழைய தமிழரின் துயரினும் கொடிது.

இக்கடனைத் தீர்க்கும் தொடக்கம் எளியது. வகுப்பறையில் தோட்ட வரலாறு பாட்டனாரோடு முடியாமல், இன்று அங்கே உழைப்பவன்வரை நீளட்டும். கோயில் திருவிழாவின் அன்னதானப் பந்தியில் அவனுக்கும் ஓர் இலை இடப்படட்டும். சம்பளம் மறுக்கப்பட்டு அவன் நிற்கும்போது அவனுக்காகத் தமிழர் ஒருவரேனும் பேசட்டும். உழைப்பினால் மண்ணில் உரிமை பிறக்கும் என்னும் கொள்கையை அவன்பொருட்டும் ஒப்புக்கொள்பவரே, தம் முன்னோர்பொருட்டு அதனை நெஞ்சறியக் கூறத் தக்கவர்.