குற்றத்தின் பாரம் யார் மேல்?

குற்றம் செய்தவனுக்கு நியாயஸ்தலம் தண்டனை விதித்ததும் காரியம் முடிந்தது என்று எண்ணுகிறோம். முடிந்ததா?

மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளை வட்டிக்காரர் பிடியிலிருந்து மீட்க உழைத்தவர் கன்னியாஸ்திரீ ராணி மரியா. 1995 பிப்ரவரி 25 அன்று, பஸ் பிரயாணத்தின்போது, பிறர் தூண்டுதலுக்கு இணங்கிய ஒருவன் அவரைக் குத்திக் கொன்றான். உடனிருந்த பிரயாணிகளைப் பயம் கட்டிப்போட்டது.

கேரளத்தில் ஒரு தாய் மகளை இழந்தாள். ஏழைகள் தங்கள் துணையை இழந்தார்கள். சிறை சென்றவனின் குடும்பமும் சிதைந்தது. குத்தியது ஒரு கை. காயமோ பல வீடுகளில்!

2002-ல் ராணி மரியாவின் தங்கை, தாமும் கன்னியாஸ்திரீ, சிறைக்குச் சென்று கொலையாளியின் கையில் ராக்கி கட்டி, அவனைச் சகோதரனாக ஏற்றார். செய்தது குற்றமல்ல என்று அவர் சொல்லவில்லை. பல வருஷம் தண்டனை அனுபவித்து 2006-ல்தான் அவன் விடுதலையானான். தண்டிப்பது சட்டத்தின் கடமை. பகையை வளர்க்காதிருப்பது நம் கடமை.

நம் தெருவிலும் சிறை சென்றவனின் பிள்ளைகள் இருக்கலாம். சட்டம் தகப்பனை மட்டுமே தண்டித்தது. "திருடன் மகன்" என்று ஒதுக்கி, பிள்ளையைத் தண்டிப்பது யார்? நாமல்லவா? உயிரைப் பறிகொடுத்த வீட்டுக்குத்தான், துக்கம் விசாரித்து வந்த பின், எத்தனை முறை போனோம்?

இவ்விரு வீடுகளும் நம் பங்கில் இருக்குமானால், இந்த வாரமே போய்க் கதவைத் தட்டுங்கள்.