எல்லையுள்ள கருவியும் எல்லையற்ற மெய்யும்

நாகர்கோவிலில் கணிதமோ பொறியியலோ பயிலும் மாணவன் ஒருவன், பிரெஞ்சு தேசத்து இன்ரியா ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றி இன்று யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கும் சைலேப் என்னும் கணிப்பு மென்பொருளை, மும்பை ஐ.ஐ.டி.யார் தமிழிலும் வெளியிட்டுள்ள ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களின் துணைகொண்டு கற்கப் புகும்போது, முதலில் பழகுவன கூட்டலும் கழித்தலும் முதலான எளிய கணக்குகளே. 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.3 என்றே விடை வருகிறது. அந்த விடையிலிருந்து 0.3-ஐக் கழித்தாலோ, பூஜ்யம் வரவேண்டிய இடத்தில், புள்ளிக்குப் பின் 16 பூஜ்யங்களைக் கடந்து தொடங்கும் ஒரு நுண்ணிய மிச்சம் தோன்றுகிறது. எல்லையுள்ள கருவியால் எல்லையற்ற மெய்யை அறிதல் கூடுமா என்னும் பழைய தத்துவ வினா இம்மிச்சத்தினுள் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

காரணம் மறைபொருளன்று. கணிப்பொறி ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் இடம் 64 பிட்டுகளே; பின்னங்களை அது இரண்டிரண்டாகப் பகுத்தே வைத்துக்கொள்கிறது. நம் முன்னோர் நெல்லளக்கையில் நாழியிற் பாதியை உரியென்றும், உரியிற் பாதியை உழக்கென்றும், உழக்கிற் பாதியை ஆழாக்கென்றும் கொண்டார்களே, அம்முறையிற் பிறக்கும் அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியவற்றைப் பொறி அணுவும் பிசகாமல் ஏற்கிறது. ஆனால் 1/20 ஆகிய மாவும், 1/80 ஆகிய காணியும், 1/320 ஆகிய முந்திரியும் ஐந்தாற் பகுத்தலும் கலந்தவை ஆதலால், அதனுள் முழுமையாக அடங்குவதில்லை; மேற்சொன்ன 0.1, 0.2, 0.3 ஆகியவையும் அவ்வாறே. மாவில் குறையொன்றுமில்லை, குறை, அதைக் கொள்ளும் கலத்தினுடையது.

இதுகொண்டு மெய்யே கிட்டாதென்று விரக்தியுறுவோர் உளர். மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலைப்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைச் செதுக்கிவைத்த சமணர் அவ்வழி செல்லவில்லை. முற்றறிவாகிய கேவல ஞானம் எய்தாதவன் உரைப்பது ஒரு நோக்கில் மட்டுமே மெய்யாகும் என்றார்களேயன்றி, பொருள்களின் உண்மையை அவர்கள் மறுத்தாரல்லர். தேர்ந்த கணிதனும் அவ்வாறே, இரு விடைகள் முற்றும் ஒன்றா என்று பொறியைக் கேளாமல், அவற்றின் வேற்றுமை தான் வகுத்த வரம்புக்குள் நிற்கிறதா என்று கேட்கிறான்.

அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. அம்மிச்சத்தைப் பிழையென்று கண்டது பொறியன்று. பத்தில் ஒன்றும் பத்தில் இரண்டும் சேர்ந்து பத்தில் மூன்றே ஆகும் என்று நிரூபணத்தால் அறிந்த புத்தியே கண்டது. குறையைக் குறையென்று உணரும் அறிவு, அக்குறையைக் கடந்த நிறைவை எவ்வகையிலேனும் தொட்டிருத்தல் வேண்டும். ஆகவே எல்லையுள்ள கருவி மெய்க்குப் பகையன்று; தன் எல்லையை மறைத்துப் பேசும் செருக்கே பகை.

ஆதலின், ஆசிரியர்கள் முதற்பாடத்திலேயே இம்மிச்சத்தை மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். விடையோடு அதன் வரம்பையும் சேர்த்துச் சொல்லப் பழகிய இளைஞன், கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும், நாகர்கோவிலைக் கொண்ட இம்மாவட்டத்தில் தன் சமயத்தைப் பற்றிப் பேசும்போதும், பற்றுறுதி தளராமலே பணிவோடு பேசுவான். அப்பணிவைத் தராத கணிதக் கல்வி பாதிக் கல்வியே.